மூன்றாம் சாஸ்திரியின் அங்கி

தேவசிகாமணி நாடார் வில்வண்டியிலிருந்து இறங்கியபோது அவருடைய செருப்பில் ஒன்று வண்டியிலேயே தங்கிவிட்டது. அது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து, முப்பிடாதி பிள்ளையின் வீட்டுக் கூடத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். பாளையங்கோட்டையில் பெரிய கருப்பட்டி மண்டிக்காரர், பள்ளிக்கூடத்தையும் நடத்துகிற கிறிஸ்தவச் சபைக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். அப்படிப்பட்ட மனிதர் இந்தக் கோலத்தில் வந்ததைப் பார்த்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த மதார் சாயபுகூட வாயை மூடிக்கொண்டார்.

வண்ணார்பேட்டையில் பிள்ளையைத் தேடி இப்படி வருகிறவர்கள் அநேகம். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், ஊராரின் தொல்லைக்கு ஏது ஓய்வு! மதார் சாயபுவுக்கு மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை. ஆனால் கடையில் இருப்பதைவிடப் பிள்ளையின் வீட்டில் இருப்பதுதான் அதிகம். எந்த வழக்கு வந்தாலும் பாதி கேட்கும்போதே திருடன் யார் என்று சொல்லிவிடுவார். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை. அதற்காக மனிதர் சளைத்ததும் இல்லை.

"என் வீட்டுக்காரியைக் கொன்னுட்டான், பிள்ளைவாள்" என்றார் தேவசிகாமணி.

"யாரு?"

"பாக்கியசீலன். பள்ளிக்கூடத்து வாத்தியான். வாற ஞாயித்துக்கிழமை கமிட்டி கூடுது. அவன் வேலையைப் பிடுங்கி ஊரை விட்டே விரட்டப் போறோம். ஆனா அவன் நகையை எடுத்தேன்னும் சொல்ல மாட்டேங்கான், எடுக்கலைன்னும் சொல்ல மாட்டேங்கான். நாலு பேரு அவனுக்காக இரக்கப்படுதாவ. நீங்க விசாரிச்சு, இவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா யாரும் பேச முடியாது."

"பைய, ஆதியிலேருந்து சொல்லுங்க அண்ணாச்சி."

தில்லி தர்பார் நடந்து முடிந்த மார்கழி அது. கிறிஸ்துமஸ் கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் மூன்று சிநேகிதர்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் சாயங்காலம், வேதத்தில் வருகிறபடி மாட்டுத்தொழுவத்தில் பிறந்த பாலகனைத் தேடி வந்த கிழக்கத்திச் சாஸ்திரிகளாக, அந்த மூன்று ஞானிகளாக, வேஷம் கட்டி வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். ஒருவர் கலெக்டர் கச்சேரிக் குமாஸ்தா, ஒருவர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர், மூன்றாவது பாக்கியசீலன். வருஷம் முழுவதும் வேலை முடிந்து வந்ததும் துணியும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவார்கள். மீசை வைத்த ஆம்பிளைகள் ஜரிகை வைத்துத் தைக்கிறதைப் பார்த்து ஊரார் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த அங்கிகளைப் பார்ப்பதற்கென்றே வாசலில் காத்து நின்றார்கள்.

அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவனவன் அங்கியை அவனவன் கையாலேயே தைக்க வேண்டும். ஒருவன் தைத்ததை இன்னொருவன் உடுத்தக் கூடாது. அது பாலகனுக்கு அவனவன் கொடுக்கும் காணிக்கையாம். உடுத்திய பிறகு பேசவும் கூடாது, பாட மட்டும்தான் செய்யலாம். முகத்துக்குக் காகிதக் கூழில் செய்த முகமூடி, தேங்காய் நாரில் தாடி, முழ உயரத்துக்குக் கிரீடம். எந்த வீட்டில் நோயாளி இருந்தாலும் மூன்றாம் சாஸ்திரி உள்ளே போய்த் தலைமாட்டில் வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசின் கொஞ்சம் வைத்துவிட்டு வருவது வழக்கம்.

"என் வீட்டுக்காரி ஞானசௌந்தரி ஆவணி மாசத்திலேருந்து வாதத்துல கிடந்தா. ஒரு பக்கம் விளங்கல, பேச்சும் போச்சு. மத்த ரெண்டு பேரும் கூடத்துல முந்திரிக்கொத்து தின்னுக்கிட்டு இருக்கையில இவன் உள்ள போனான். போயிட்டு வந்து, நான் செபம் பண்ணி முடிக்குமுன்ன வெளியே இறங்கிட்டான். கொஞ்ச நேரம் கழிச்சு என் தங்கச்சி போய்ப் பாத்தா, ரெண்டு காதும் மூளியாக் கிடக்கு. பாம்படத்தைக் கழத்திட்டுப் போயிட்டான்! சீக்காளியை உருட்டிப் புரட்டி எடுத்திருக்கான். அந்த அதிர்ச்சியிலேயே மறுநாள் போயிட்டா."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். மதாரின் கண்ணும் கலங்கிவிட்டது. பிள்ளை மட்டும் எழுந்து மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"முதல்ல உங்க வீட்டைப் பாத்துருவோம், அண்ணாச்சி. வண்டியில உங்க செருப்பு ஒண்ணு கிடக்கு பாருங்க."

வீட்டில் தேவசிகாமணியின் விதவைத் தங்கை சாரம்மாள்தான் எல்லாம். அழுது வீங்கிய முகத்தோடு கிழக்கே இருந்த கீழ்ப்பக்கத்து அறையைத் திறந்து காட்டினாள். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது.

"மதினி எப்பவும் சுவரைப் பாத்துத்தான் படுத்திருப்பா. நாமளாத் திருப்பினாத்தான் உண்டு. விளங்காத கை கொஞ்சம் மடங்கிட்டாலும் போதும், பேச்சு இல்லாட்டாலும் அலறுவா பாருங்க, தெரு முக்கு வரைக்கும் கேக்கும்."

"அன்னைக்கு அலறினாளா?"

சாரம்மாள் யோசித்தாள். "இல்ல ஐயா. நான் அடுக்களையிலதான நின்னேன். ஒரு சத்தமும் இல்ல."

"நீ போய்ப் பாக்கையில எப்படிக் கிடந்தா?"

"வாசலைப் பாத்துத் திரும்பிக் கிடந்தா. தலையணையைச் சரியா வச்சு, விளங்காத கைக்கு அடியில இன்னொரு தலையணை அண்டக் குடுத்து, கழுத்து வரைக்கும் போத்தியிருந்துது. முகமெல்லாம் ஈரம். அழுதிருக்கா."

"காதுல கீறல், ரத்தம்?"

"ஒண்ணும் இல்ல. அதுவும் அதிசயம்தான். அந்தப் பாம்படத்துத் திருகு அவ்வளவு லேசுல கழலாது. பாதிரியாரு சொல்லியும் கழத்தினதில்ல, வாதம் விழுந்த பிறகு நான் கழத்தப் போனாலும் கையைத் தட்டிவிட்டுருவா. மவன் போனதிலேருந்து அதுல ஒரு பிடிவாதம்."

"எந்த மவன்?" என்று மதார் குறுக்கே பாய்ந்தார்.

சாரம்மாள் கூடத்துப் பக்கம் பயத்தோடு பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஒரே மகன் சாலமோன். ஐந்து வருஷத்துக்கு முன் உவரியில் ஒரு கத்தோலிக்க வலைக்காரர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இனி என் வாசப்படியை மிதித்தால் செத்தேன் என்று வைத்துக்கொள் என்று தேவசிகாமணி வேதத்தின் மேல் அடித்துச் சொல்லிவிட்டார். அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"பாக்கியசீலன் இந்த வீட்டுக்கு வாறதுண்டா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு. மதினி பக்கத்துல உக்காந்து ஞானப்பாட்டு பாடுவாரு. அவரு குரலைக் கேட்டா மதினிக்கு முகம் தெளியும். அதான் ஐயா என்னால நம்பவே முடியல. ஆனா அன்னைக்கு அவரு பாடல. தொண்டை கட்டியிருக்குன்னு கையைக் காட்டினாரு. உள்ள போகையிலயும் என்னமோ யோசனை. அந்தா, மேற்க இருக்க மேல்பக்கத்து அறைக் கதவைத் திறந்து நின்னாரு. அங்கன வெறும் கருப்பட்டிச் சிப்பந்தான் கிடக்கு. பிறகுதான் இந்தப் பக்கம் வந்தாரு."

"மேல்பக்கத்து அறையில முன்ன யாரு இருந்தா?"

"மதினிதான். வாதம் விழுந்த பிறகு காத்து வரட்டும்னு இங்கன மாத்தினோம்."

பிள்ளை இரண்டு அறைகளையும் ஒரு முறை பார்த்தார். வெளியே வந்ததும் மதார் அவர் காதைக் கடித்தார். "பிள்ளைவாள், விளங்கிட்டு! அந்தத் தங்கச்சிக்காரிதான் எடுத்திருக்கா. எல்லாம் நடிப்பு!"

"நீரு கடையைப் பாத்துக்கிட்டு இருந்தா ஜனங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும்வே" என்றார் பிள்ளை.

பாக்கியசீலனின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நெட்டையான மனிதன். தன் வீட்டு நிலைப்படிக்கே குனிந்துதான் வெளியே வந்தான். கூப்பிட்டதும் உட்கார்ந்தான், கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல, ஐயா. அவுக என்ன முடிவு செய்தாலும் சரிதான்."

உள்ளேயிருந்து அவன் மனைவி யூனிஸ் வந்தாள். வயிற்றில் பிள்ளை, இடுப்பில் பிள்ளை. ஒரு பெரிய துணி மூட்டையைக் கொண்டுவந்து பிள்ளையின் முன்னே வீசினாள்.

"இந்தாருங்க! இந்தச் சனியனைக் கொண்டு போய் நெருப்புல போடுங்க. வருஷம் பூரா இதைத் தைச்சாரு. என் கல்யாணச் சேலை முந்தியைக்கூட வெட்டிக் குடுத்தேன். இப்பம் திருடன் பெண்டாட்டின்னு தண்ணி எடுக்கப் போக முடியல. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்காரு. வேலையும் போனா இந்தப் பிள்ளைகளை எங்க கொண்டு போட?"

பாக்கியசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிள்ளை அங்கியை விரித்தார். மயில் கழுத்து நிறத்தில் கனத்த பட்டு. மார்பில் மாணிக்கத்துக்குப் பதிலாகக் குன்றிமணியைத் துளைத்துக் கோத்திருந்தான். தையல் ஒவ்வொன்றும் எள்ளு எள்ளாக இருந்தது. நல்ல பெண்பிள்ளைகள்கூட அப்படித் தைக்க மாட்டார்கள். பிள்ளையின் கை அங்கியின் அடி விளிம்புக்குப் போனதும் நின்றது. விளிம்புக்கு மேலே சுற்றிலும் ஒரு மடிப்புத் தடம். அதன் கூடவே பட்டில் பெரிய பெரிய ஊசித் துளைகள். நூலைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் வெள்ளை நூல் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் எழுந்திரிச்சு நில்லும், தம்பி" என்று அங்கியை அவன் தோளில் வைத்து அளந்து பார்த்தார். விளிம்பு சரியாகப் பாதத்தைத் தொட்டது. மடிப்புத் தடமோ கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"நனைஞ்சு சுருங்குமோன்னு மடிச்சுத் தைச்சிருப்பாரு" என்றார் மதார், ஜவுளிக்கடைக்காரர் என்ற உரிமையில்.

பாக்கியசீலன் வெடுக்கென்று அங்கியை வாங்கி மடித்தான். முதல் தடவையாக அவன் கண்ணில் பயம் தெரிந்தது. பிள்ளை அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மாலையில் மனைவியோடு தேவசிகாமணியின் வீட்டுக்கு வரச் சொன்னார்.

மாலையில் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். தேவசிகாமணி நாற்காலியில், சாரம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு, குமாஸ்தாவும் கம்பவுண்டரும் பெஞ்சில். பாக்கியசீலனும் யூனிஸும் கதவோரம் நின்றார்கள். அவர்களை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"உங்க ரெண்டு பேரையும் ஒண்ணு கேக்கணும்" என்று பிள்ளை பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்ககூட வந்தது பாக்கியசீலன்தான்னு எப்படித் தெரியும்?"

"அவன் அங்கிதான, ஐயா? மயில் நிறம், குன்றிமணி. ஊருக்கே தெரியுமே" என்றார் குமாஸ்தா. "இங்கன வாறதுக்குக் கொஞ்சம் முன்ன எங்ககூட வந்து சேந்தான். நாங்க ஏற்கனவே வேஷத்தோட நின்னோம்."

"முகத்தைப் பாத்தீரா? குரலைக் கேட்டீரா?"

"இல்ல. ஆனா ஒருத்தன் அங்கியை இன்னொருத்தன் உடுத்த மாட்டோமே!"

"அங்கதான் எல்லாரும் ஏமாந்தீங்க. உங்க கட்டுப்பாடு அவ்வளவு கெட்டியானது, ஊரே அதை நம்பிட்டுது. துணியைப் பாத்ததும் ஆளைப் பாத்ததா நினைச்சிட்டீங்க. அண்ணாச்சியும் அப்படித்தான்."

தேவசிகாமணி நிமிர்ந்தார். பிள்ளை அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"அங்கியை அடியில மடிச்சு, நீட்டு நீட்டா ஒரு தையல் ஓட்டி, பிறகு பிரிச்சிருக்கு. இந்த நெட்டை மனுசனுக்கு அது எதுக்கு? உடுத்தினவன் குட்டை. முழ உசரக் கிரீடத்தை வச்சுக்கிட்டா யாரு தலை எங்கன முடியுதுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டாவது, அவன் பாடல. பாடினா இந்த வீட்டுல யாராவது குரலைக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்திருக்கான். மூணாவதுதான் முக்கியம். நேரா மேல்பக்கத்து அறைக்குப் போனான். வாரம் தவறாம வாற பாக்கியசீலனுக்கு அம்மா கீழ்ப்பக்கத்துல கிடக்கது தெரியாதா? அன்னிய ஆளா இருந்தா, எந்த அறைன்னு கேட்டிருப்பான். இவன் கேக்கல. வீட்டை நல்லாத் தெரிஞ்சவன், ஆனா ஆவணிக்குப் பிறகு வராதவன்."

சாரம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாலமோனா?" என்றார் தேவசிகாமணி. அந்தப் பேரைச் சொல்லி எத்தனை காலமோ, அவர் வாயே அதற்குப் பழகவில்லை. அடுத்த கணம் நாற்காலியை உதறிக்கொண்டு எழுந்தார். "பெத்த தாயி காதை அறுக்க வந்தானா, அந்தப் பய? ஏலே பாக்கியசீலா, நீயும் கூட்டா?"

"உக்காருங்க, அண்ணாச்சி" என்று பிள்ளை குரலை உயர்த்தினார். "திருட வந்தவன் அவன் இல்ல. சுவரைப் பாத்துக் கிடந்தவளைத் திருப்பினாத்தான் ரெண்டாவது காது கிடைக்கும். கை கொஞ்சம் மடங்கினாலும் அலறுதவ அன்னைக்குச் சத்தமே போடல. அவ்வளவு பதமாத் திருப்பியிருக்கான். கையைத் தட்டிவிடுதவ, ரெண்டு திருகையும் கழத்துத வரைக்கும் காதைக் காட்டிக்கிட்டுக் கிடந்திருக்கா. போகையில தலையணையை அண்டக் குடுத்துப் போத்திட்டுப் போயிருக்கான். எந்தத் திருடன் இதைச் செய்வான்? அவன் எடுக்கல. அவ குடுத்தா."

"யாருக்கு?" என்று தேவசிகாமணி கேட்டார்.

பிள்ளை பாக்கியசீலனைப் பார்த்தார். "இனி நீரு சொல்லும், தம்பி."

பாக்கியசீலனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாலமோனுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு, அண்ணாச்சி. அம்மாகிட்ட நான்தான் காதோட சொன்னேன். அதிலேருந்து நான் வாறப்பல்லாம் பாம்படத்தைத் தொட்டுக் காட்டி, நல்ல கையால தொட்டில் ஆட்டுத மாதிரி காட்டுவா. பேத்திக்குக் குடுக்கணும், மவனைப் பாக்கணும். வேற ஆசை ஒண்ணும் அவளுக்கு இல்ல. வைத்தியரு கார்த்திகையிலேயே கையை விரிச்சிட்டாரு. நீங்களோ படி ஏத்த மாட்டீங்க. அதான் என் அங்கியைக் குடுத்தேன். நான் இவளுக்கும் தெரியாம பள்ளிக்கூடத்துல கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேன்."

"பிறகு ஏம்லே வாயைத் திறக்கல?"

"திறந்தா நீங்க அவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பீங்க. நீங்க இருந்த கோவத்துல அதான் நடக்கும். அவன் குடும்பம் தெருவுல நிக்கும். அதுக்கு நான் நிக்கேன்னு நினைச்சேன்."

யூனிஸ் புருஷனைப் பார்த்தாள். திட்டவும் முடியாமல், அழவும் முடியாமல், அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேவசிகாமணி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "அடக்கத்துக்கு வரலியே அவன்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"அவனுக்குத் தெரியாது, அண்ணாச்சி" என்றான் பாக்கியசீலன். "ஆளு அனுப்பினா உவரிக்குப் போய்ச் சேருமுன்ன அடக்கம் முடிஞ்சிரும். முடிஞ்ச பிறகு சொன்னா, ஓடி வந்து உங்ககிட்ட மாட்டுவான். சொல்லாமலே இருந்துட்டேன். அது பாவம்தான். அம்மா சிரிச்சா, தெளிவா இருக்கான்னு சந்தோசமாப் போனான். இன்னும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பான்."

இப்படி ஒரு அடி அந்த மனிதருக்கு விழும் என்று மதார்கூட எதிர்பார்க்கவில்லை. பெரிய மண்டிக்காரர் சின்னப் பிள்ளைபோல விம்மினார். பிறகு எழுந்து போய்ப் பாக்கியசீலனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நானே கமிட்டியில எழுந்திரிச்சு, தப்பு எம்மேலன்னு சொல்லுதேன். நீ வேலையில இரு." பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "வண்டியைப் பூட்டுங்க. உவரிக்குப் போகணும். நானே போய்ச் சொல்லுதேன். வேற யாரும் சொல்ல வேண்டாம்."

தனியாக அனுப்பப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. அவரும் மதாரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

உவரிக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்து, கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. மீன் ஏலம் கூறுகிறவர்களின் சத்தம் ஒரே இரைச்சலாக இருந்தது. மணலில் வண்டி ஓடாது. தேவசிகாமணி இறங்கி, விசாரித்துக்கொண்டு முன்னே நடந்தார். மற்ற இருவரும் கொஞ்சம் பின்னே போனார்கள்.

ஒரு ஓலை வீட்டின் முன்னால் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அப்பாவைப்போலவே குட்டையான, உருண்டையான உருவம். முதலில் பயந்து பின்வாங்கினான். பிறகு அவர் கைத்தடி இல்லாமல், ஆள் அம்பு இல்லாமல், மணலில் தடுமாறி வருவதைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே! உள்ளே பார்த்துக் கத்தினான். "இஞ்ஞாசி! பாப்பாவைத் தூக்கிட்டு வாட்டி! அப்பா வந்திருக்காவ!"

கூடையை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "அப்பா! அம்மைக்குப் பேச்சு வந்துட்டா? அவதான சொன்னா உங்ககிட்ட? வேற யாரு சொல்லப் போறா! நல்லாயிட்டாளாப்பா?"

தேவசிகாமணி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். மகன் கேட்ட கேள்வியும் அவன் சிரிப்பும் அவர் முன்னே நின்றன. வாசலில் குழந்தையோடு வந்த அவன் மனைவி இஞ்ஞாசியம்மாள் ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். அவனுக்குத்தான் புரியவில்லை.

"உங்கம்மை போயிட்டா, ஏலே" என்றார் தேவசிகாமணி. "நீ வந்துட்டுப் போன மறுநாளே போயிட்டா. உனக்குச் சொல்லாமலே மண்ணுல வச்சிட்டேன்லே, மவனே."

சாலமோன் நின்ற இடத்திலேயே நின்றான். சிரிப்பு அவன் முகத்தை விட்டு இறங்கவே நேரமாயிற்று. "இல்லையே" என்றான். "நல்லாத்தான இருந்தா. நான் கிளம்புகையில கையைப் புடிச்சிக்கிட்டு விடவே இல்லையே. பைய விரல் விரலா எடுத்துட்டுத்தான் வந்தேன்."

மதார் சாயபு மணலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிள்ளை அவர் முழங்கையைப் பிடித்து வண்டிப் பக்கம் நடத்தினார். இனி இங்கே அவர்களுக்கு வேலை இல்லை.

"எந்தக் கை?" என்று தேவசிகாமணி கேட்பது பின்னால் கேட்டது. "எந்தக் கையைலே புடிச்சா?"

சாலமோன் வலது கையை நீட்டினான். கிழவர் அதை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, கடற்கரை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதார்.